சிபில் ரிப்போர்ட்டை நீங்களே சரிசெய்வது எப்படி? ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

வண்டி லோன் கேட்டுப் போனால் "சிபில் அடிபட்டிருக்கு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த வாரமே எங்கிருந்தோ ஒரு போன் வருகிறது: "ஏழே நாள்ல சிபில் ஸ்கோரை 750க்கு ஏத்தித் தர்றோம் சார், பாதிப் பணம் இப்ப, மீதி வேலை முடிஞ்சதும்." வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இப்படிப் பணம் கொடுத்துவிட்டு வருகிறவர்களின் ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். காசில்லாமல் தாங்களே செய்திருக்கக்கூடிய வேலைக்குப் பணம் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் யாராலும் செய்ய முடியாத வேலைக்குக் கொடுத்திருப்பார்கள்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ரிப்போர்ட்டை முழுசாகப் படிக்காமல் புகார் போடுவதும், கடன் கொடுத்த இடத்தில் எழுதிக் கொடுக்காமல் நேராக ரிசர்வ் வங்கிக்குப் போவதும்தான் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடங்கள். ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே ஓடிபி கொடுத்துவிட்டவர்கள் மட்டும் முதலில் 12ஆம் பகுதிக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

1. ரிப்போர்ட்டை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி மோசடி உங்களிடம் எடுபடாது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குகின்றன. இவை உங்களைப் பற்றித் தாமாக எதையும் எழுதுவதில்லை. வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி, மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனம் எல்லாம் அனுப்பும் தகவலைத் தொகுத்து, அதிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு ஸ்கோர் போடுகின்றன.

கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005 என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன் 21ஆவது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. உங்கள் பதிவில் தப்பு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 30 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். இரண்டாவது, கடன் கொடுத்த நிறுவனம் "ஆமாம், இந்தத் திருத்தம் சரி" என்று உறுதிசெய்தால் மட்டுமே பதிவு மாறும்.

ஆக, "சிபில் ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கார்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஆள் நிஜமாகவே இருந்தாலும் பயனில்லை. உங்கள் ஃபைனான்ஸ் கம்பெனி சொல்லாமல் அவரால் ஒரு வரியையும் தொட முடியாது.

2. ஏஜென்ட்டின் பேச்சை அடையாளம் காணுதல்

வேலைக்கு முன்பே பணம் கேட்பது முதல் அடையாளம். "ஃபைல் சார்ஜ்", "ஜிஎஸ்டி", "வக்கீல் நோட்டீஸ் செலவு" என்று பெயர் மாறும். ஒவ்வொன்றும் சின்னத் தொகையாக இருப்பதால் யாரும் போலீஸுக்குப் போவதில்லை.

ஸ்கோருக்கு உத்தரவாதம் தருவது அடுத்தது. எந்தத் தகவலை எவ்வளவு எடைபோட்டு ஸ்கோர் வருகிறது என்பது அந்தந்த நிறுவனத்தின் கணக்கு. வெளியில் இருப்பவர் எண்ணைச் சொல்லி வாக்குக் கொடுத்தால் அது பொய்.

சிலர் நிஜமாகவே ஏதோ செய்வார்கள். உங்கள் பெயரில் லாகின் உருவாக்கி, எல்லாக் கடன் மேலேயும் "இது என்னுடையது இல்லை" என்று டிஸ்ப்யூட், அதாவது பதிவு தப்பு என்ற புகார், போடுவார்கள். விசாரணை நடக்கும்போது அந்த வரிக்குப் பக்கத்தில் டிஸ்ப்யூட்டில் இருப்பதாகக் குறிப்பு வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "பாதி வேலை முடிஞ்சிடுச்சு" என்று மீதிப் பணத்தை வாங்கிவிடுவார்கள். சில வாரம் கழித்து, கடன் உங்களுடையதுதான் என்று நிறுவனம் உறுதிசெய்யும். வரி அப்படியே நிற்கும்.

இதைவிட ஆபத்தான இரண்டு வேலைகள் இருக்கின்றன. பாக்கி இல்லை என்பதற்கான நோ டியூ சான்றிதழைப் போலியாகத் தயாரித்து உங்கள் கையெழுத்தோடு அனுப்புவது ஒன்று. வில்லங்கம் வந்தால் மாட்டுவது நீங்கள்தான். ஆதார், பான், செல்ஃபி, ஓடிபி எல்லாம் வாங்கிக்கொண்டு உங்கள் பெயரிலேயே புதுக் கடன் எடுப்பது இன்னொன்று. சிபிலைச் சரிசெய்யப் போனவர் ரிப்போர்ட்டில் புதிதாக இரண்டு ஆன்லைன் லோன் ஏறியிருக்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) நிறுவச் சொன்னாலோ, போன் திரையைப் பகிரச் சொன்னாலோ, அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் பார்க்க அது எதுவும் தேவையில்லை.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பான் கார்டு, ஆதார், ஓர் ஈமெயில் முகவரி, நீங்கள் கடன் வாங்கிய காலத்தில் கொடுத்த மொபைல் நம்பர். இதில் கடைசிதான் தகராறு. தோல் கம்பெனி வேலைக்கு ராணிப்பேட்டையிலும் பேரணாம்பட்டிலும் மாறி மாறி இருந்தவர்கள் நாலு சிம் மாற்றியிருப்பார்கள். பழைய நம்பருக்கு ஓடிபி போனால் ரிப்போர்ட் திறக்காது. கடன் கணக்கு எதுவும் இன்னும் நடப்பில் இருந்தால், முதலில் அந்த வங்கியில் நம்பரை மாற்றிவிட்டு, புதுத் தகவல் போய்ச் சேரச் சில வாரம் கொடுங்கள். அப்படிச் செய்ய வழியில்லை என்றால், அடையாளச் சான்றின் நகலோடு நேரடியாகக் கடன் தகவல் நிறுவனத்துக்கே விண்ணப்பிக்கலாம்.

இதோடு பழைய கடன் காகிதங்களைத் தேடி எடுங்கள்: நோ டியூ சான்று, கடைசித் தவணை ரசீது, பணம் கட்டிய காலத்தின் பாஸ்புக் பக்கம். இரும்புப் பெட்டியின் அடியில் மழுங்கிக் கிடக்கும் ரசீதை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். மெஷின் அச்சு ரசீதுகள் ஓரிரு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எந்தத் தேதியில் யாரிடம் என்ன கொடுத்தீர்கள், என்ன நம்பர் கிடைத்தது என்று எழுத. பின்னால் 9ஆம் படியில் இந்தத் தேதிகள்தான் பணமாக மாறும்.

4. இலவச ரிப்போர்ட்டை எடுத்தல்

ரிசர்வ் வங்கி விதிப்படி, நான்கு நிறுவனங்களில் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கோரோடு சேர்த்து முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அதாவது ஒரு வருஷத்தில் நாலு ரிப்போர்ட் உங்களுக்குச் சும்மா கிடைக்கும்.

கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். உள்ளே போனதும் மாதச் சந்தா, ஆறு மாதத் திட்டம் எல்லாம் பெரிதாகக் கண்ணில் படும். இலவச வருடாந்திர ரிப்போர்ட் என்ற இணைப்பைத் தேடிப் போங்கள். கார்டு நம்பர் கேட்கிறது என்றால் நீங்கள் வேறு பக்கத்தில் இருக்கிறீர்கள், பின்னால் வாருங்கள்.

"அடிக்கடி பார்த்தா ஸ்கோர் குறையுமாமே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து, கடன் கொடுப்பவர் பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும். ஒரே மாதத்தில் ஐந்து ஆப்பில் லோன் கேட்டால் ஐந்து விசாரணை. அது நல்லதில்லை.

போனில் இல்லாமல் ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ எடுக்கிறீர்களா? எடுத்து முடித்ததும் லாக்அவுட் செய்து, அந்தக் கணினியில் இறங்கிய பிடிஎஃப்பை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். பான், முகவரி, கடன் விவரம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும் ஆவணம் அது.

5. ரிப்போர்ட்டைப் படித்தல்

ஸ்கோர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுபவர்கள்தான் அதிகம். ஸ்கோர் முடிவு மட்டுமே. காரணம் உள்ளே இருக்கிறது. அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். அவசரம் வேண்டாம்.

முதலில் பெயர், பிறந்த தேதி, பான். நம் ஊரில் குழப்பம் தொடங்குவதே இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பானில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ஆதாரில் ஒரே எழுத்து இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த மகளிர் குழு லோனில் கணவர் பெயரின் எழுத்து இருக்கும். இதனால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு உண்டாகலாம், அல்லது அதே பெயர்கொண்ட வேறொருவரின் கடன் உங்கள் பதிவில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். முகமது போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவதாலும் இதே சிக்கல்.

முகவரியில் ஒரு விஷயத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, அரக்கோணம்காரர்களின் பழைய முகவரி "வேலூர் மாவட்டம்" என்றுதான் இருக்கும். 2019இல் மாவட்டம் பிரிந்ததற்கு முன் வாங்கிய கடன் அது. இதற்கெல்லாம் டிஸ்ப்யூட் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது கணக்குகள். ஒவ்வொரு கடனுக்கும் கடன் கொடுத்தவர் பெயர், தொடங்கிய தேதி, மொத்தத் தொகை, இன்றைய நிலுவை, தவறிய தொகை, முடித்த தேதி எல்லாம் இருக்கும். கீழே மாத வாரியாக ஒரு கட்டம் இருக்கும். அது தவணை எத்தனை நாள் தாமதம் என்பதைக் காட்டுவது. 000 என்றால் அந்த மாதம் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். 030 என்றால் 30 நாள் தாமதம். மூன்று எக்ஸ் இருந்தால் அந்த மாதம் தகவலே அனுப்பவில்லை என்று பொருள். அது தவறியதாக ஆகாது.

"இந்தக் கம்பெனில நான் லோனே வாங்கலையே!" என்று பலர் பதறும் இடம் இது. பதறும் முன் மூன்றைச் சரிபாருங்கள்.

ஒன்று, செல்போனோ ஃபிரிட்ஜோ தவணையில் வாங்கினீர்களா? நீங்கள் பார்த்தது கடையின் பெயர் அல்லது ஆப்பின் பெயர். பணம் போட்டது பின்னால் இருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி. ரிப்போர்ட்டில் அதன் பெயர்தான் வரும்.

இரண்டு, பழைய வாராக் கடனை வங்கி ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கலாம். அப்போது கேள்விப்படாத பெயர் வரும். தொடங்கிய தேதியையும் தொகையையும் ஒப்பிட்டால் பழைய கடன்தானா என்று தெரியும்.

மூன்று, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்களா? மச்சானின் டிராக்டர் லோனுக்கு ஷூரிட்டி போட்டால் அந்தக் கடன் உங்கள் ரிப்போர்ட்டிலும் நிற்கும். அவர் கட்டத் தவறினால் உங்களுக்கும் அடி. இது தப்பான பதிவு இல்லை, எவ்வளவு கசந்தாலும்.

கணக்கின் நிலை என்ற இடத்தில் இருக்கும் சொல்லையும் பாருங்கள். குளோஸ்டு என்றால் முழுசாக முடிந்தது. செட்டில்டு என்றால் குறைத்துப் பேசி முடித்தது. ரிட்டன்-ஆஃப் என்றால் வராது என்று வங்கி தள்ளி வைத்தது. கடனைத் தள்ளுபடி செய்துவிட்டதாகப் பலர் சந்தோஷப்படுகிறார்கள், ஆனால் நீங்கள் கட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கும். அடுத்த கடன் கேட்கும்போது இருப்பதிலேயே மோசமாக அடிப்பதும் இந்தச் சொல்தான்.

கடைசிப் பக்கத்தில் விசாரணைகள். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருந்தால், யாரோ உங்கள் பானை வைத்துக் கடன் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே முதல் தடயம்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்டல், கைமாற்று, அடகுக்கடை வட்டி, நண்பர்கள் சேர்ந்து போடும் சீட்டு எதுவும் இதில் வராது. "பணம் கட்டலைன்னா சிபில்ல ஏத்திடுவேன்" என்று தண்டல்காரர் மிரட்டினால் அது வெறும் மிரட்டல். கடன் தகவல் நிறுவனத்தில் உறுப்பினராக உள்ள நிறுவனங்கள் மட்டுமே தகவல் அனுப்ப முடியும்.

6. தப்பையும் உண்மையையும் பிரித்தல்

இப்போது பேனாவால் மூன்று வகையாகக் குறியுங்கள்: கட்டி முடித்தும் பாக்கி காட்டுபவை, உங்களுடையதே இல்லாதவை, உண்மையாகவே தவறியவை. முதல் இரண்டையும் 7 முதல் 10 வரையான படிகளில் சரிசெய்யலாம். மூன்றாவதை எந்த விண்ணப்பத்தாலும் அழிக்க முடியாது. அதற்கு 11ஆம் பகுதி.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கோப மனு எழுதினால், உண்மையான பாக்கியைச் சாக்காகக் காட்டி நியாயமான புகாரையும் சேர்த்தே மூடிவிடுவார்கள்.

இரண்டு சக்கர வாகனக் கடனில் அடிக்கடி பார்ப்பது இது. தவணை எல்லாம் முடிந்திருக்கும். என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35உம் வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் எச்பி கேன்சல் செய்து (வண்டி மேலுள்ள கடன் பதிவை நீக்கி) ஆர்சி புத்தகமும் வந்திருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் நானூறு ஐநூறு ரூபாய் பாக்கியோடு கணக்கு திறந்தே கிடக்கும். எப்போதோ ஒருமுறை பவுன்ஸ் ஆனதற்கான அபராதம். ஆர்டிஓ பதிவு வேறு, சிபில் பதிவு வேறு; ஒன்று முடிந்தால் மற்றது தானாக முடியாது. கையில் என்ஓசி இருக்கிறதென்றால், பாக்கி இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வாதாட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

7. கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் புகார்

சிபிலுக்கு முன்னால் இங்கே ஏன்? திருத்தத்தை உறுதிசெய்ய வேண்டியவர் இவர்தான் என்று 1ஆம் பகுதியில் பார்த்தோம். இவர் கையில் காகிதம் இல்லாமல் சிபிலில் டிஸ்ப்யூட் போட்டால், எங்கோ ஒரு ஊழியர் கணினியைப் பார்த்து "பதிவு சரி" என்று பதில் அனுப்பிவிடுவார்.

வாயால் சொல்லி வருவது எதற்கும் உதவாது. "மேனேஜர் பாத்துக்கறேன்னு சொன்னாரு" என்று ஆறு மாதம் அலைந்தவர்கள் நிறையப் பேர். தமிழிலேயே எழுதலாம். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"என் கடன் கணக்கு எண் ______. இந்தக் கடனை ______ தேதியில் முழுமையாகக் கட்டி முடித்துவிட்டேன். நோ டியூ சான்றின் நகலை இணைத்துள்ளேன். ஆனால் ______ தேதியிட்ட என் சிபில் ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கில் ரூ. ______ பாக்கி என்று உள்ளது. இதைத் திருத்தி, கணக்கு முடிந்தது என்ற தகவலை நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்த மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும்."

நான்கு நிறுவனங்களுக்கும் என்று எழுதுவது முக்கியம். சிபிலில் மட்டும் திருந்தி, அடுத்த வங்கி எக்ஸ்பீரியனைப் பார்த்து மறுபடி மறுத்த கதைகள் உண்டு. காரணம் கேட்டதும் சும்மா இல்லை. கோரிக்கையை நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை போட வேண்டாம். அங்கிருந்து நேராகத் தபால் நிலையம் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதே மனுவை நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஈமெயிலிலும் போடுங்கள். அந்த முகவரி நிறுவனத்தின் இணையதளத்திலும் கிளையின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கும். ஆப் மூலம் வாங்கிய கடனுக்குக் கிளையே இருக்காது; அங்கே ஈமெயில்தான் ஒரே வழி.

8. கடன் தகவல் நிறுவனத்தில் டிஸ்ப்யூட்

மனு கொடுத்த அன்றோ மறுநாளோ இதைச் செய்யுங்கள். கட்டணம் இல்லை. லாகின் செய்து, ரிப்போர்ட்டில் தப்பான அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, என்ன தப்பு என்று குறிக்க வேண்டும். கணக்கு உங்களுடையது இல்லை, ஒரே கணக்கு இரண்டு முறை வந்திருக்கிறது, தொகை அல்லது தேதி தவறு என்று வகைகள் இருக்கும். சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள். கட்டி முடித்த கடனுக்கு "என்னுடையது இல்லை" என்று போட்டால், உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

"ஸ்கோரை ஏற்றித் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். ஸ்கோர் மேல் புகார் செல்லாது. தப்பான வரி மேல்தான் செல்லும். வரி திருந்தினால் ஸ்கோர் பின்னாலேயே வரும்.

படிவத்தில் உங்கள் வங்கிக் கணக்கு எண் அல்லது யுபிஐ ஐடி கேட்கும் கட்டம் இருந்தால் காலியாக விடாதீர்கள். அது இழப்பீடு போட. டிஸ்ப்யூட் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

9. முப்பது நாள் கணக்கு

2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 உங்களுக்குத் தர வேண்டும். ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரும். வேலை நாள் மட்டும் எண்ணுவதில்லை.

யார் கொடுப்பது? கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பவில்லை என்றால் அது கொடுக்க வேண்டும். அது அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் 30 நாளுக்குள் ஏற்றவில்லை என்றால் இது கொடுக்க வேண்டும். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளில் பணம் கணக்குக்கு வர வேண்டும்.

இந்த உரிமை ஏஜென்ட்டுகளின் விளம்பரத்தில் ஒருபோதும் இருக்காது என்பதைக் கவனித்திருக்கிறேன்.

10. ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்)

30 நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இங்கே வாருங்கள். அதற்கு முன் வந்தால் புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்தீர்களா, எந்தத் தேதி என்பதுதான் படிவத்தின் முக்கியக் கேள்வி. 7ஆம் படியில் வாங்கிய சீல் இங்கே பயன்படும்.

ரிசர்வ் வங்கியின் புகார் தளமான சிஎம்எஸ்ஸில் ஆன்லைனில் போடலாம். இணையம் வராதவர்கள் சண்டிகரில் செக்டர் 17இல் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள். புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம், சொல்லப்போனால் வக்கீல் மூலம் போடும் புகாரை ஏற்பதே இல்லை. "ஒம்புட்ஸ்மேன் ஃபீஸ்" என்று ஒருவர் பணம் கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

வங்கிகளும் பெரிய ஃபைனான்ஸ் கம்பெனிகளும் மட்டும் இல்லாமல், 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இதில் வராது. அதற்குக் கூட்டுறவுத் துறைதான்.

அதே விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் ஒம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். எனவே எங்கே போவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

11. பாக்கி உண்மையாகவே இருந்தால்

முழுத் தொகையையும் கட்டி குளோஸ்டு என்று வாங்குவதே நல்லது. முடியவில்லை, குறைத்துப் பேச வேண்டியிருக்கிறது என்றால், செட்டில்டு என்று பதிவாகும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் தொகை குறைத்து முடித்தாலும் அப்படித்தான் பதிவாகலாம். நீதிபதி முன்னிலையில் முடிந்ததால் சிபில் சுத்தமாகிவிடாது. பின்னால் கையில் பணம் வந்தால், விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டுகிறேன், குளோஸ்டு என்று மாற்றுங்கள் என்று வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பணம் கட்டும் முன் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் செட்டில்மென்ட் கடிதம் வாங்குங்கள். அதில் கணக்கு எண், தொகை, கடைசித் தேதி இருக்க வேண்டும். பணத்தைக் கடன் கணக்கிலேயே கட்டுங்கள். வசூலுக்கு வந்தவரின் சொந்த ஜிபேக்கு அனுப்பிய பணம் கடனில் வரவாகாமல் போவது இந்த வேலையில் பார்க்கும் மிக வேதனையான விஷயம். அவர் வேலையை விட்டுப் போன பிறகு கேட்க ஆளே இருக்காது. வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி.

கட்டி முடித்ததும் நோ டியூ சான்று. 2025 ஜனவரியிலிருந்து நிறுவனங்கள் 15 நாளுக்கு ஒருமுறையாவது புதுத் தகவல் அனுப்ப வேண்டும் என்று இருப்பதால், ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்தால் மாற்றம் தெரிய வேண்டும். பழைய தாமதங்கள் உடனே மறையாது. அதன் பிறகு தவணை தவறாமல் கட்டுவது, கிரெடிட் கார்டு லிமிட்டை முழுசாக இழுக்காமல் இருப்பது, கண்ட ஆப்பிலும் லோன் கேட்காமல் இருப்பது, இவைதான் ஸ்கோரை ஏற்றும். மெதுவாகத்தான் ஏறும்.

12. ஏற்கெனவே பணமோ ஓடிபியோ கொடுத்துவிட்டால்

முதல் வேலை 1930க்கு போன். அது சைபர் மோசடி உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாண்டும் முன் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. அப்படியே உங்கள் வங்கிக்கும் போன் செய்து கார்டையும் யுபிஐயையும் முடக்குங்கள். எழுத்துப் புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுங்கள்.

அடுத்து ஈமெயில் கடவுச்சொல்லையும் சிபில் லாகின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். லாகினை ஏஜென்ட்டின் ஈமெயிலில் உருவாக்கியிருந்தால், அந்த நிறுவனத்துக்கு எழுதி உங்கள் ஈமெயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ரிப்போர்ட் அவர் கையிலேயே இருக்கும். அவர் போட்ட பொய் டிஸ்ப்யூட்டுகளையும் அப்போதே குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு, மீதமுள்ள இலவச ரிப்போர்ட்டுகளைச் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ் என்று மாதம் ஒன்றாக எடுத்துப் புதுக் கடன் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் காவல் நிலைய ரசீதின் நகலோடு மறுபடி 7ஆம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்க நுகர்வோர் வழி இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி உங்கள் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஏஜென்ட் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

ஆதாரம்தான் இங்கே எல்லாம். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் பேச்சைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அவரை பிளாக் செய்யும் முன் முழு உரையாடலையும் எடுத்து வையுங்கள். ஜிபே ரசீது, அவர் அனுப்பிய விளம்பரம், "750 கேரண்டி" என்று சொன்ன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால், "அன்னைக்குக் கொடுத்த எட்டாயிரத்துக்கு ரசீது அனுப்புங்க" என்று சாதாரணமாக ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். "அனுப்பறேன் சார்" என்று அவர் பதில் போட்டாலே பணம் வாங்கியதற்கு அது சாட்சி.